கசகசா மிதக்கும் ஏரி

முதலாம் நாள், வெள்ளி: ஸ்காபரோவிலிருந்து டோர்செட்

காலை ஆறு மணிக்கு வெளிக்கிடுவதாகத் திட்டம். வாசலைத் தாண்டும்போது எட்டரை. இடியப்பம் அவிந்து முடிய நேரமாயிற்று, சம்பல் இடிக்க இன்னும் நேரமாயிற்று. மச்சானுடைய தூண்டில் தடிகள் காருக்குள் நீட்டாகவும் போகவில்லை, குறுக்காகவும் போகவில்லை. கடைசியில் ஒன்றின் நுனி என் காதுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீட்டிக்கொண்டே வந்தது.

மகளின் மூட்டைதான் விசித்திரம். நைலோன் காலுறை ஒன்று, உடுப்புக் கொழுவும் கம்பி, வெறும் மருந்துப் போத்தல், வெள்ளைப் பீங்கான் கோப்பை, பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை. உயிரியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறாள். அடுத்த தவணைக்கு ஏரிகளைப் பற்றிய பாடம் ஒன்று எடுத்திருக்கிறாளாம். "நான் பார்பிக்யூ போட வரேல்லை அப்பா. தண்ணிக்குள்ள என்ன உயிரோட இருக்கெண்டு பார்க்க வாறன்" என்று காரில் ஏறும்போதே சொல்லிவிட்டாள். மனைவிக்கு வேறு கவலை. வெட்டப்பட்டது அவளுடைய புதுக் காலுறை.

நெடுஞ்சாலை 400, பாரி தாண்டியதும் 11. ஒரிலியாவுக்கு வடக்கே அந்தப் பேர்கர் கடையில் வழக்கம்போல வரிசை. நாங்கள் இடியப்பக்காரர், நிற்கவில்லை. கிரேவன்ஹர்ஸ்ட் நெருங்கும்போது இரண்டு பக்கமும் வெட்டிய பாறை எழும்புகிறது. இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த கருங்கல். கனேடியக் கேடயப் பாறை என்பது இதுதான். நூறு தடவை இந்த வழியால் போயிருக்கிறேன், வடிவான கல் என்பதைத் தவிர வேறொன்றும் நினைத்ததில்லை.

மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, ஊரில கேத்தலுக்கு அடியில வெள்ளையாப் படியும் எண்டு சொல்லுவீங்களே, அது ஏன்?"

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. காய்ச்சக் காய்ச்சச் சுண்ணாம்பு படியும். அம்மா புளி போட்டு உரஞ்சிக் கழுவுவா. இந்தக் கருங்கல் நாட்டில் அது நடக்காது, ஏனென்றால் கல்லில் கரைவதற்குச் சுண்ணாம்பே இல்லை. ரொறன்ரோவில் நாங்கள் குடிக்கும் ஒன்ராறியோ ஏரித் தண்ணீரில் லீற்றருக்கு முப்பது மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே, நாங்கள் போகும் மஸ்கோகாப் பக்கத்துப் பல ஏரிகளில் இரண்டுதான், அதற்குக் கீழேயும் உண்டு. "இதை ஞாபகத்தில வைச்சிருங்கோ, நாளைக்குத் தேவைப்படும்" என்றாள். வாத்தியாரம்மா!

டோர்செட்டுக்கு வந்தால் பழைய தீக்காவல் கோபுரத்தில் ஏறாமல் போகக்கூடாது. ஏறினோம். கால் நடுங்கியது, காட்சி நடுக்கத்துக்குத் தகும். காடும் தண்ணீரும் மாறிமாறி, கண்ணுக்கு எட்டிய மட்டும். இந்தச் சின்ன ஊரில்தான் ஒன்ராறியோ அரசின் சுற்றுச்சூழல் அறிவியல் நிலையம் இருக்கிறது. 1970-களின் நடுப்பகுதியிலிருந்து சுற்றுவட்டார ஏரிகள் சிலவற்றை விடாமல் அளந்து வருகிறார்கள். ஹார்ப், பிளாஸ்டிக், டிக்கி, புளூ சோக், ரெட் சோக் என்று பெயர்கள். பிளாஸ்டிக் ஏரி என்றொரு ஏரி இருப்பதை மச்சான் கடைசிவரை நம்பவில்லை.

வாடகைக்கு எடுத்த கொட்டேஜ் ஒரு சின்ன ஏரியின் கரையில். தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறம். "ஊத்தையோ?" என்று மனைவி கேட்டாள். இல்லையாம், காட்டு இலையும் சதுப்பு நிலமும் ஊறிய சாயமாம். எனக்கும் உள்ளூர ஏமாற்றம்தான். கொடுத்த காசுக்கு நீலமாக ஒரு ஏரி கிடைத்திருக்கலாம்.

இரவு லூன் பறவை கூவியது. எங்கள் ஒரு டொலர்க் குற்றியில் இருக்கும் அதே பறவை. பிள்ளை அழுவது போலவும் நாய் ஊளையிடுவது போலவும் இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல்.

இரண்டாம் நாள், சனி: அதே ஏரி, இரண்டு தடவை

காலையில் காலுறைக்கு வேலை வந்தது. கம்பியை வட்டமாக வளைத்து அதில் காலுறையின் வாயைத் தைத்து, பாதப் பக்கத்தை வெட்டி மருந்துப் போத்தலை நூலால் இறுக்கிக் கட்டினாள். மூன்று நூல் போட்டு ஒரு கயிறு. படகுத்துறை நுனியில் நின்று எறிந்து மெதுவாக இழுத்தாள். பத்துத் தடவை. போத்தலில் வந்ததைக் கோப்பையில் ஊற்றினால், மகரந்தமும் ஒரு செத்த நுளம்பும்.

"ஒண்டும் இல்லையே பிள்ளை" என்றான் மச்சான்.

"பகலில மேல வரமாட்டினம் மாமா. மீன் பார்த்திடும்."

இந்த நுண்ணிய மிதவையுயிர்கள் பகலில் இருட்டான ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றன. பொழுதுபட்டதும் மேலே வந்து பாசி மேய்கின்றன. விடியமுன் மறுபடி கீழே. உலகத்து ஏரிகள் பலவற்றில் நாள் தவறாமல் நடக்கும் யாத்திரை இது. ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் உடம்பை வைத்துக்கொண்டு பத்து மீற்றருக்கு மேல் ஏறி இறங்குவது என்றால் சும்மாவா?

ஆகவே இரவு பத்தரைக்கு மறுபடி துறைக்குப் போனோம். நுளம்பு எங்களை மேய்ந்தது. இந்தத் தடவை ஐந்து இழுவையிலேயே போத்தல் கனத்தது. கோப்பையில் ஊற்றி ரோர்ச் அடித்ததும் நான் சிரித்துவிட்டேன். பலூடாவுக்கு ஊறவைத்த கசகசா! அசல் அதேதான். நடுவில் கருமையாக ஒரு புள்ளி, சுற்றிவரக் கண்ணாடி போல ஒரு வழுவழுப்பு. விரலால் தொட்டால் சவ்வரிசி போல நழுவுகிறது. கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி இருக்கும். ஆனால் இந்தக் கசகசா நீந்துகிறது. வில்லையால் பார்த்தால் நடுப்புள்ளிக்குள் ஒரு சின்ன உடம்பு, ஒரு கறுத்தக் கண், துடுப்புப் போடும் கை.

பெயர் ஹோலோபீடியம். தன்னைச் சுற்றித் தானே பசை மூட்டையைக் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும் நீர்த்தெள்ளு, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு நுண்ணுயிர்.

அதற்கிடையில் வெட்டி வெட்டி ஓடிய சின்னக் கோடுகள் கோப்பிபோடுகள் என்ற வேறொரு வகை மிதவையுயிர். ஓரத்தில் ஒரு கண்ணாடிப்புழு. உடம்பு முழுக்கத் தெளிவு, முன்னும் பின்னுமாக வெள்ளிப் பொட்டு மாதிரிக் காற்றுப்பைகள் மட்டும் தெரிகின்றன. அசையாமல் கிடந்துவிட்டுச் சடாரென்று வளைந்தது. கடிக்காத ஒரு கொசு இனத்தின் குஞ்சு. மற்ற மிதவையுயிர்களைப் பிடித்துத் தின்பது. மகள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்துக்குப் பிறகு, "ஒண்டு... ரெண்டு... அவ்வளவுதான்" என்றாள். டாஃப்னியா. பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும் அசல் நீர்த்தெள்ளு.

அங்கேயே நுளம்புக்கடியோடு பாடம் நடந்தது. டாஃப்னியாவுக்கு ஓடு இருக்கிறது. வளரும்போதெல்லாம் ஓட்டைக் கழற்றிப் புதுசு போடவேண்டும், ஒவ்வொரு தடவையும் தண்ணீரிலிருந்து கல்சியம் எடுக்கவேண்டும். லீற்றருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதன் ஒரு இனம் குஞ்சு பொரிக்கவே திண்டாடுகிறது என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஹோலோபீடியத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதன் உடம்புக்கு வேண்டிய கல்சியம் கொஞ்சம், பசை மூட்டைதான் அதன் ஓடு. கண்ணாடிப்புழுவுக்கும் அந்த மூட்டையைப் பிடிப்பது சிரமம். 1980-களின் நடுப்பகுதிக்கும் 2000-களின் நடுப்பகுதிக்கும் இடையில் ஒன்ராறியோவின் பல ஏரிகளில் இந்தக் கசகசாவின் எண்ணிக்கை சராசரியாக இரட்டித்துவிட்டது.

கல்சியம் எங்கே போனது? எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். சீட்டுப் பிடித்தவர்களுக்கு உடனே விளங்கும். இந்தப் பாறை நாட்டு மண்ணில் கல்சியம் ஆயிரக்கணக்கான வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. உலைகளின் புகையும் அனல் மின்நிலையங்களின் புகையும் அமில மழையாக விழுந்தபோது, அந்த அமிலம் மண்ணின் கல்சியத்தைக் கழற்றி ஏரிக்குள் கொண்டுவந்து கொட்டியது. சீட்டை முதல் மாதமே கழித்து எடுத்தது போல. அந்தக் காலத்தில் ஏரிக்குக் கையில் காசு. மழை சுத்தமாயிற்று, வரவும் நின்றது. மண்ணில் மிச்சமும் பெரிதாக இல்லை. வெட்டிய காடு திரும்ப வளரும்போது அதுவும் தன் பங்கை உறிஞ்சுகிறது. இப்போது ஏரிகள் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கின்றன. 2008-இல் இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்ததாம்.

மண்ணுக்குக் கல்சியத்தைத் திருப்பிக் கொடுக்க இங்கே ஒரு முயற்சி நடக்கிறது. மஸ்கோகா நீர்ப்பிடிப்பு நண்பர்கள் என்றொரு அமைப்பு, வீடுகளின் விறகடுப்புச் சாம்பலைச் சேர்த்து மேப்பிள் காடுகளில் தூவுகிறது. இதைக் கேட்டதும் மனைவி பீரிட்டுச் சிரித்தாள்.

"அம்மம்மா முருங்கைக்கும் கத்தரிக்கும் சாம்பல்தானே போட்டவ. அதுக்கு ஒரு ஆராய்ச்சியோ?"

"எவ்வளவு போடலாம், சாம்பலில வேற என்ன உலோகம் இருக்கெண்டு அம்மம்மா பார்க்கேல்லைத்தானே அம்மா."

"அவவின்ர முருங்கை காய்ச்சது."

அத்தோடு வழக்கு முடிந்தது. படுக்கப் போகமுன் மகள் கோப்பையைக் கவனமாக ஏரிக்குள் திருப்பி ஊற்றினாள். நான் இதை எழுதப்போகிறேன் என்றதும் ஒரு நிபந்தனை போட்டாள்: ஒரு கோப்பையைப் பார்த்துவிட்டு ஏரிக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாதாம். நாற்பது ஐம்பது வருசம் ஒரே இடத்தில் ஒரே வலையைப் போட்டவர்கள்தான் பேசலாமாம். சரி, நான் சொன்னது கசகசாவைப் பற்றி மட்டும்.

மூன்றாம் நாள், ஞாயிறு: மஸ்கோகா ஏரி

மச்சானின் நாள். அலுமினியப் படகு ஒன்று வாடகைக்கு எடுத்து, அனுமதி அட்டை எல்லாம் சரி பார்த்து, விடியவே இறங்கினோம். மீன் ஒன்றும் படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மச்சான் கோபித்துக்கொள்வான்.

பட்டது வேறு. ஒன்பது மணியளவில் அவன் சுருளைச் சுற்ற, நூல் இறுகி நின்றுவிட்டது. தடி நுனி வளையத்தில் ஈரப் பஞ்சு மாதிரி ஒரு கட்டி. பாசி என்று நினைத்து வழித்தேன். விரலில் குத்தியது. பாசி குத்தாது.

மகளின் வில்லைக்குக் கீழே அந்தப் பஞ்சு பிரிந்து நூற்றுக்கணக்கான உடல்களாயிற்று. ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர். அதில் முக்கால்வாசி நேரான முள்வால். வாலில் பின்னோக்கி வளைந்த கொளுக்கிகள், சோடி சோடியாக. தலை முழுக்க ஒரே ஒரு கறுத்தக் கண். நெருஞ்சி முள்ளுக்கு உயிர் வந்தால் இப்படித்தான் இருக்கும். முள்வால் நீர்த்தெள்ளு.

இது இங்கத்தைய ஆள் இல்லை. ஐரோப்பா, ஆசியாப் பக்கத்திலிருந்து கப்பல்கள் சமநிலைக்கு நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீரில் ஏறி வந்தது. பேரேரிகளில் 1980-களின் தொடக்கத்தில் கண்டார்கள். அந்தப் பத்தாண்டு முடியமுன் மஸ்கோகாவுக்குள் வந்துவிட்டது. பேரேரிக்கும் இதற்கும் இடையில் நீந்திவரும் வழி இல்லை. எங்களைப் போன்றவர்களின் படகிலும் நூலிலும் தூண்டில் வாளியிலும்தான் வந்திருக்கும்.

ஹண்ட்ஸ்வில்லுக்குப் பக்கத்து ஹார்ப் ஏரியில் 1993-இல் நுழைந்தது. டோர்செட் நிலையம் அந்த ஏரியை அதற்குமுன்பே வருசக்கணக்காக அளந்துகொண்டிருந்ததால், முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. சின்ன உடம்புள்ள நீர்த்தெள்ளு இனங்கள் பல அருகிப் போயின, சில காணாமலே போயின. முள்வாலுக்குத் தீனி அவைதான். மீன்குஞ்சுக்கும் தீனி அவைதான். குஞ்சு பதிலுக்கு முள்வாலைத் தின்னலாமே என்றால், வாய்க்குள் அந்த முள் போகாது. பெரிய மீன்கள் தின்கின்றன. ஆனால் இதன் உறங்கு முட்டைகள் மீனின் வயிற்றுக்குள்ளால் போய் உயிரோடேயே வெளியே வருமாம். எந்தக் கெட்டித்தனத்தில் இதைப் படைத்தார்களோ.

இதற்குள் நான் ஒரு விசர் வேலை பார்த்தேன். வழித்த கட்டியைத் தூண்டில் இரை வாளிக்குள் போட்டுவிட்டேன். பின்னேரம் அதே வாளியோடு கொட்டேஜ் ஏரிக்குப் போவதாக இருந்தோம். மகள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கத்தியது நியாயம்தான். ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒன்ராறியோவில் 2022 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது: படகை வேறு தண்ணீருக்குக் கொண்டுபோகுமுன் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடிக்கவேண்டும், ஒட்டிய செடிகொடியை அகற்றவேண்டும். படகு வாடகைக்குத் தந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றோல் அளவைப் பற்றி மட்டும் மூன்று தடவை சொன்னார்.

வாளியைக் கரையில், தண்ணீருக்கு எட்டாத இடத்தில் மண்ணில் கவிழ்த்தோம். கொட்டேஜில் கேத்தலைக் கொதிக்கவைத்து நூலுக்கும் சுருளுக்கும் ஊற்றினேன். மற்றத் தடிகளையும் காயப்போட்டு, "அஞ்சு நாளைக்குத் தொடாதேங்கோ" என்று உத்தரவு வந்தது. மச்சானின் விடுமுறையில் மிச்சம் இருந்ததே இரண்டு நாள். அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

கேத்தலின் அடியைப் பார்த்தேன். வெள்ளைப் படிவு இல்லை, பளபளவென்று இருந்தது.

நான்காம் நாள், திங்கள்: கில்லார்னி

பரி சவுண்ட் வழியாக வடக்கே ஏறி, 637-இல் திரும்பினால் அறுபத்தேழு கிலோமீற்றர் காட்டு வழி. கில்லார்னி மாகாணப் பூங்கா. நாள் அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுக்காவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

மனைவியும் மச்சானும் ஜோர்ஜ் ஏரிக் கடற்கரையில், ஏரிக்கரையில் என்று சொல்லவேண்டும், பாயை விரித்துவிட்டார்கள். நானும் மகளும் 'கிராக்' எனும் பாறைப் பிளவுக்குப் போனோம். போக மூன்று, வர மூன்று கிலோமீற்றர்தான், ஆனால் கடைசிப் பகுதி நடை இல்லை, பாறைகளுக்கிடையில் தவழ்வது. ஐம்பத்து நாலு வயது முழங்கால் ஒவ்வொரு கல்லிலும் கணக்குக் கேட்டது.

மேலே போய் நின்றதும் கணக்கெல்லாம் மறந்துபோயிற்று.

வெள்ளை மலை. பனி இல்லை, உப்பும் இல்லை, படிகக்கல். வெயிலில் கண் கூசுகிறது. அதற்குக் கீழே ஏரிகள், நீலம். சும்மா நீலம் இல்லை. ஊரில் கலியாணத்துக்கு எடுக்கும் மயில் கழுத்துப் பட்டு இருக்கிறதே, அந்த நீலம். கரையோரத்தில் அது பச்சையாக மாறுகிறது, ஆழத்தில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெரிகிறது. முதல் நாள் கொட்டேஜில் நான் ஆசைப்பட்ட ஏரி இதுதான். "எவ்வளவு வடிவு!" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மகள் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டே, "அதுதான் அப்பா பிரச்சினை" என்றாள்.

அங்கே தெரிந்த ஏரிகளில் ஒன்று ஓ.எஸ்.ஏ. ஒன்ராறியோ ஓவியர் சங்கத்தின் சுருக்கம். 1930-களில் அதன் கரைக் காட்டை வெட்ட வந்தபோது ஓவியர் ஏ. வை. ஜாக்சன் கடிதம் எழுதிப் போராடிக் காப்பாற்றினார். அந்த நன்றிக்கு வைத்த பெயர். அதற்குமுன் அதன் பெயர் ட்ரவுட் ஏரி. ட்ரவுட் மீன் நிறைந்திருந்ததால் வந்த பெயர். ஓவியர்கள் கோடரியை நிறுத்திவிட்டார்கள், புகையை நிறுத்த அவர்களால் முடியவில்லை. வடக்கே சட்பரியின் நிக்கல், செம்பு உலைகளிலிருந்து வந்த கந்தகம் இந்த மலைகளில் இறங்கியது. சுண்ணாம்பே இல்லாத படிகக்கல் அதை என்ன செய்யும்? அப்படியே ஏரிக்குக் கொடுத்தது. மீன் போயிற்று.

1966-இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஹரல்ட் ஹார்வி, பூங்காவிலுள்ள லம்ஸ்டன் ஏரியில் சல்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார். அவை மாயமாய் மறைந்தன. ஏன் என்று தேடியபோது அங்கே ஏற்கனவே இருந்த மீன்களும் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. வட அமெரிக்காவில் அமில மழை என்ற விசயம் பேசுபொருளானதில் அந்த ஏரிக்குப் பெரிய பங்கு.

நீலத்துக்கும் இதுவே காரணம். அமில ஏரியில் இலைச்சாயம் கரைந்து நிற்காது; அமிலம் மண்ணிலிருந்து கழற்றிவரும் அலுமினியம் அதைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஒளி அடிவரை போகும். புற ஊதாக் கதிரும் கூடவே போகும். எங்கள் கொட்டேஜ் ஏரியின் தேத்தண்ணி நிறம், உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு குடை. இங்கே குடை இல்லை. மீன் இல்லாத இப்படியான ஏரிகளில் கண்ணாடிப்புழு இராசாவாகிவிடும், பகலிலும் ஒளிக்காமல் திரியும். பயப்பட ஆள் இல்லையே.

ஒரு பாறை நிழலில் இருந்து இடியப்பம் தின்றோம். வடமேற்கு ஒன்ராறியோவில் கெனோராவுக்குப் பக்கத்தில் பரிசோதனை ஏரிகள் என்று ஒரு பகுதி 1968-இலிருந்து இருக்கிறது, அங்கே 223 என்று நம்பர் மட்டும் போட்ட ஒரு ஏரியை 1976-இலிருந்து வேண்டுமென்றே வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக்கிப் பார்த்தார்கள் என்று அவள் சொன்னாள். ட்ரவுட் மீனை அமிலம் நேராகக் கொல்லவில்லை. அது தாக்குப்பிடிக்கும் அளவில் இருக்கும்போதே அதன் தீனி, மைசிஸ் எனும் சின்ன இறால் வகையும் ஒரு சிறுமீனும், முதலில் முடிந்துபோயின. பெரிய மீன்கள் தலை பெரிசும் உடம்பு ஈர்க்குமாக மெலிந்து போய் நின்றன. சோறு இல்லாத வீடு. அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினாள். நான் சம்பலை மூடி வைத்தேன்.

இப்போது புகை குறைந்துவிட்டது. கில்லார்னியின் பல ஏரிகளில் அமிலம் இறங்கியிருக்கிறது, மீனும் சிலவற்றில் திரும்பியிருக்கிறது. மிதவையுயிர்கள்தான் இன்னும் பழையபடி சேரவில்லை. வண்டலுக்குள் உறங்கும் முட்டைகள் பொரிக்கவேண்டும், அல்லது வாத்தின் காலில், காற்றில் வேறு ஏரியிலிருந்து வரவேண்டும். வந்தாலும் ஏற்கனவே இடம்பிடித்தவர்கள் விடவேண்டும். ஒரு ஊர் இடம்பெயர்ந்து இருபது வருசத்துக்குப் பிறகு திரும்புவதை நான் கண்டவன். வீடு இருக்கும், கிணறு இருக்கும். பக்கத்து வீட்டில் ஆர் என்பதுதான் மாறியிருக்கும்.

ஏரி சுகப்படச் சுகப்பட நீலம் மங்கி, கொஞ்சம் பழுப்பு ஏறுகிறதாம். சுற்றுலா வருபவர்களுக்கு அது பிடிக்குமோ தெரியாது.

வலை போடவில்லை. பூங்காவுக்குள் உயிர்களை எடுக்க ஆய்வு அனுமதி வேண்டும். காலுறை காரிலேயே கிடந்தது.

ஐந்தாம் நாள், செவ்வாய்: சட்பரி, அப்புறம் வீடு

சட்பரியின் பெரிய புகைபோக்கி தூரத்திலிருந்தே தெரிந்தது. 381 மீற்றர் உயரத்துக்குக் கட்டியது, ஈபிள் கோபுரத்தைவிட உயரம். 1970-களின் தொடக்கத்தில் கட்டியபோது நோக்கம், நகரத்துக்கு நல்ல காற்று. நகரம் மூச்சு விட்டது, புகை இன்னும் தூரத்து ஏரிகளுக்குப் போயிற்று. பிறகு 1985-இல் வந்த ஒன்ராறியோ விதிகள், 1991-இல் அமெரிக்காவோடு செய்த காற்றுத்தர ஒப்பந்தம் என்று இறுகி, கந்தக வெளியேற்றம் தொண்ணூறு வீதத்துக்கு மேல் இறங்கியது. 2020-இல் அந்தப் புகைபோக்கிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

நிலவு போல மொட்டையாக இருந்ததால் அப்பல்லோ விண்வெளி வீரர்களை இங்கே பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள் என்று மச்சான் கதை விட்டான். கொண்டுவந்தது உண்மை, காரணம் பொய். பழைய விண்கல் மோதிய பாறைகளைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். ஆனால் மொட்டை என்பதும் உண்மைதான். கறுத்துப்போன பாறை இன்னும் அங்கங்கே தெரிகிறது. 1978-இலிருந்து குன்றுகளில் சுண்ணாம்புத் தூள் தூவி, புல் விதைத்து, மரம் நடுகிறார்கள். பத்து மில்லியனாவது மரம் 2022-இல் நடப்பட்டது.

ஏரிகளிலும் 1970-களில் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார்கள். மிடில், ஹன்னா ஆகிய ஏரிகளில். அமிலம் போயிற்று. தண்ணீரில் செம்பும் நிக்கலும் நின்றன, டாஃப்னியாவுக்குச் செம்பு ஆகாது. அதனால் அங்கேயும் மீட்சி இழுபட்டது.

மத்தியானம் நகர நடுவிலுள்ள ராம்சி ஏரியில் குளித்தோம். நல்ல தண்ணீர். நகரத்தின் ஒரு பகுதிக்குக் குடிநீரும் இதுதான். அதில் இப்போது கவலை அமிலம் இல்லையாம், வீதி உப்பு.

இதைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பகலில் ஒரு களஞ்சியத்தில் வேலை, குளிர்காலத்து இரவுகளில் ஸ்காபரோவின் இரண்டு கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடங்களுக்கு உப்புக் கொட்டுபவன் நான். ஆறு வருசமாகிறது. யாரும் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டுவிடக்கூடாது என்று, வேண்டியதற்கு மேலேயே கொட்டுவோம். எல்லாரும் அப்படித்தான். நீர்வாழ் உயிர்களுக்கென்று கனடா வைத்த வழிகாட்டி அளவு லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட்டு, உப்பில் பாதிக்கு மேல் அதுதான். மஸ்கோகா மாதிரி மென்தண்ணீர் ஏரிகளில் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே டாஃப்னியாக்கள் சாகத் தொடங்குகின்றன என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. மறுபடி அதே டாஃப்னியா. கல்சியம் இல்லை, செம்பு உண்டு, முள்வால் உண்டு, இப்போது உப்பும்.

வீடு வந்துசேர இரவு பத்து. கராஜில் மச்சானின் தடிகளைச் சுவரோரம் சாய்த்தேன். சனிக்கிழமை வரைக்கும் தொடக்கூடாது. அவற்றுக்குப் பக்கத்தில் போன குளிர்காலத்து மிச்சம், இருபது கிலோ உப்புப் பை பதினொன்று. மகள் ஒரு பையில் குந்தியிருந்து கைபேசியில் எதையோ தட்டினாள்.

"ஒரு பையில பன்னிரண்டு கிலோ குளோரைட்டு அப்பா. நல்ல தண்ணி ஒரு லட்சம் லீற்றரை அந்த 120-க்குக் கொண்டுவர இது ஒண்டு காணும்."

"ஒரு இரவுக்கு நாப்பது பை போடுவம்" என்றேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மார்க்கர் பேனையை எடுத்து மேலே கிடந்த பையில் 1,00,000 என்று பெரிதாக எழுதிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். ஒக்ரோபரில் ஒப்பந்தம் புதுப்பிக்க வருவார்கள். காலுறை வலை கயிற்றில் காய்கிறது. அதன் நூலிடுக்கில் ஒரு கசகசா ஒட்டிக் காய்ந்திருக்கிறது, இப்போது வெறும் கறுத்தப் புள்ளி.